உமறுப் புலவர் ஊருக்குப் போகும் வழியில்

தாமிரபரணியைப் பின்னே விட்டு வடக்கு நோக்கிச் செல்லும் ரயிலில் அமர்ந்திருப்பவருக்கு, நிலம் மாறுவதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தாழையூத்து, கங்கைகொண்டான், வாஞ்சி மணியாச்சி என்று பெயர்ப் பலகைகள் கடந்து போகப் போக வயலின் பசுமை குறைகிறது. கடம்பூரை நெருங்கும்போது கண்ணுக்கெட்டிய தூரம் வரை கரிய மண் விரிகிறது. ஆறில்லை, வானத்தை மட்டுமே நம்பிய பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் பாசியும், இப்போது மக்காச்சோளமும், ஐப்பசி கார்த்திகை மழையைக் கொண்டே விளைந்தாக வேண்டும்.

நான் சென்றது புரட்டாசி மாதத்தில். காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்த நேரம். உழுது போட்ட கரிசல் காடுகள் வெயிலில் வெடித்துக் கிடந்தன.

கோவில்பட்டிக்கு முன்னால் குமாரபுரம் என்றொரு சிறு நிலையம் உண்டு. பக்கத்து இடைசெவலில் பிறந்த கு.அழகிரிசாமி அந்த நிலையத்தின் பெயரிலேயே ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் சேர்வதற்காகக் கோவில்பட்டிக்கு ரயிலேறும் கிராமத்துச் சிறுவர்கள் அந்தக் கதையில் வருகிறார்கள். படிப்பு என்றால் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கோவில்பட்டிதான். நானும் ஒரு பள்ளி மாணவனை முன்னிட்டே அங்கு போய்க்கொண்டிருந்தேன். ஆனால் அவன் பள்ளியில் சேரப் போகிறவன் அல்லன். பள்ளியை விட்டு வெளியேறும் வாசலில் நின்றுகொண்டிருந்தவன்.

தங்கையின் கண்ணீர்

என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் கோவில்பட்டி. மச்சான் சவூதியில் வேலை பார்க்கிறார். மூத்த மகன் பத்தாம் வகுப்பு. ஏழாம் வகுப்பு வரை வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் வந்தவன். எட்டில் சறுக்கினான், ஒன்பதில் ஒப்பேற்றினான். இந்தக் காலாண்டுத் தேர்வில் கணக்கிலும் அறிவியலிலும் தேறவில்லை. அதற்காக மட்டும் தங்கை என்னை அழைக்கவில்லை. அவனுடைய ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்கு அடியில் ஒரு சிறு பொட்டலம் இருந்தது. உதட்டுக்கும் பல்லுக்கும் இடையே வைத்துக்கொள்ளும், வாசனை ஊட்டிய புகையிலை.

"காக்கா, அடித்தும் பார்த்துவிட்டேன், அழுதும் பார்த்துவிட்டேன். அவன் வாப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால், படித்தது போதும், கடையில் கொண்டுபோய் விடு என்பார். நீங்கள் ஒரு முறை வந்து பேசுங்கள்" என்றாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது பையன் வாசலிலேயே நின்றிருந்தான். ஸலாம் சொன்னான், என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று முழுவதும் நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மதிய உணவுக்குப் பின், "எட்டயபுரம் போய் உமறுப் புலவர் அடக்கத்தலத்தைப் பார்த்து வருவோமா?" என்று மட்டும் கேட்டேன். தலையசைத்தான்.

தீக்குச்சியின் ஊர்

கோவில்பட்டியைப் பற்றிச் சொல்லும்போது கடலைமிட்டாயைச் சொல்லாமல் இருக்க முடியாது. கரிசலில் விளைந்த நிலக்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த அந்தப் பண்டத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1901 முதல் இங்கே வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் இயங்கி வருகிறது. மானாவாரிப் பயிருக்கு அது செய்த தொண்டு பெரிது. எனினும் இந்த வட்டாரத்தின் பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தது தீப்பெட்டித் தொழில்தான்.

அந்தத் தொழிலுக்கு ஒரு துயர வரலாறும் உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி வட்டாரக் கிராமங்களில் விடியுமுன்னரே வண்டிகள் வந்து சிறுவர் சிறுமியரை ஆலைகளுக்கு ஏற்றிச் சென்ற காலம் ஒன்றிருந்தது. பென்சில் பிடிக்க வேண்டிய விரல்கள் குச்சி அடுக்கின. 1986இல் வந்த சட்டம் தீப்பெட்டி செய்யும் வேலையில் 14 வயதுக்குட்பட்டோரை ஈடுபடுத்தக் கூடாது என்றது. 2016இல் செய்த திருத்தம், அபாயகரமான தொழில்களில் 18 வயது வரை கூடாது என்றது. அதற்கும் முன்னால், பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பதை உணர்ந்து, காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் 1956இல் தொடங்கப்பட்டது இந்த எட்டயபுரத்தில்தான்.

பசியையும் குச்சி அடுக்கும் வேலையையும் வென்று பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவர இந்த மண்ணுக்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின. இன்று அதே பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வெளியே இழுப்பது, சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிறு பொட்டலம்.

பேருந்தில் கேட்ட பாடம்

எட்டயபுரம் கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர். பேருந்தில் எங்கள் பக்கத்தில் ஒரு முதிய விவசாயி அமர்ந்திருந்தார். விதைத்தாகிவிட்டதா என்று கேட்டேன்.

"மழைக்கு முன்னமே காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டோம் ஐயா. இனி வானம் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார்.

கரிசலில் இது வழக்கம். நல்ல மழை விழுந்துவிட்டால் இந்த மண்ணில் ஏர் இறங்காது. ஆகவே முன்கூட்டியே விதைத்துவிடுவார்கள். அதில் ஓர் ஆபத்தும் இருப்பதாக அவரே சொன்னார். பருவ மழைக்கு முன்னால் ஒரு பொய் மழை பெய்யும். விதை ஏமாந்து முளைத்துவிடும். பிறகு பத்து நாள் வெயில் அடித்தால் முளை கருகிப் போகும்.

"அப்படிக் கருகினால்?" என்று கேட்டான் என் மருமகன். அன்று அவனாக வாய் திறந்தது அப்போதுதான்.

"மறுபடி விதைக்க வேண்டியதுதான் தம்பி. வேறென்ன? பருவம் தாண்டுவதற்குள் விதைத்துவிட வேண்டும்."

புலவரின் அருகில்

எட்டயபுரம் என்றால் 1882இல் அங்கே பிறந்த பாரதியார்தான் பலருக்கு நினைவுக்கு வருவார். நமக்கு அந்த ஊரோடு இன்னொரு சொந்தமும் உண்டு. நபி (ஸல்) அவர்களின் வாழ்வைத் தமிழில் காப்பியமாகப் பாடிய உமறுப் புலவர் அங்கேதான் அடங்கியிருக்கிறார். அரசு எழுப்பிய மணிமண்டபமும் இருக்கிறது.

உமறுவின் தந்தையார் வாசனைப் பொருள் விற்கும் வணிகர் என்பார்கள். எட்டயபுரம் அரசவைப் புலவராக இருந்த கடிகைமுத்துப் புலவர் சிறுவன் உமறுவின் அறிவுக் கூர்மையைக் கண்டு அவரை மாணவராக ஏற்றுக்கொண்டார். ஆசிரியர் வேறு சமயத்தவர், மாணவர் முஸ்லிம். அந்தக் கல்விக்கு அது தடையாகவில்லை. விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்களும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட சீறாப்புராணம் அந்த மாணவரிடமிருந்து வந்தது. வள்ளல் சீதக்காதியும் அவருக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயரும் அதற்குத் துணை நின்றார்கள்.

அஸர் தொழுதுவிட்டு நிழலில் அமர்ந்தோம். "மாமா, உம்மா உங்களிடம் சொல்லிவிட்டார்கள்தானே?" என்று அவனே தொடங்கினான்.

பையன் சொன்னதை இங்கே அப்படியே தருவதற்கில்லை. சுருக்கம் இதுதான். எட்டாம் வகுப்பில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்து பல வாரங்கள் பள்ளிக்குப் போகவில்லை. திரும்பிப் போனபோது இயற்கணிதம் பாதி கடந்துவிட்டது. கேட்கக் கூச்சம். கேட்டபோது கிடைத்தது ஏளனம். முன் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போனான். அங்கே அவனை யாரும் ஏளனம் செய்யவில்லை. அங்கேதான் ஒருவன் அந்தப் பொட்டலத்தைப் பங்கு கொடுத்தான்.

"முதலில் தலை சுற்றியது மாமா. பிறகு பழகிவிட்டது. இப்போது அது இல்லாவிட்டால் புத்தகத்தைத் திறக்கவே முடியவில்லை. வைத்துக்கொண்டால்தான் மனம் நிற்கிறது."

எது முன், எது பின்?

வழக்கமாக நாம் சொல்வது, "கெட்ட பழக்கம் வந்தது, படிப்பு போயிற்று" என்பது. என் மருமகன் விஷயத்தில் படிப்பு முதலில் தளர்ந்தது. பழக்கம் பிறகு வந்தது. வந்த பழக்கம் மிச்சமிருந்த படிப்பையும் தின்னத் தொடங்கியது. உலகெங்கும் ஆய்வாளர்கள் கண்டிருப்பதும் ஏறத்தாழ இதுதான். இது இருவழிப் பாதை.

நியூஸிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வளரிளம் பருவத்தில் கஞ்சாவைத் தொடங்கி விடாமல் பயன்படுத்தியவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் 38 வயதுக்குள் எட்டுப் புள்ளிகள் வரை குறைந்திருந்ததாக 2012இல் அறிவித்தார்கள். 2016இல் அமெரிக்க இரட்டையர்களிடம் நடந்த ஆய்வோ, பயன்படுத்திய பிள்ளைக்கும் பயன்படுத்தாத உடன்பிறப்புக்கும் இடையே அப்படி ஒரு வேறுபாட்டைக் காணவில்லை. குடும்பச் சூழலே இருவரையும் கீழே இழுத்திருக்கலாம் என்றது. ஆக, மூளைக்கு நேரும் சேதத்தின் அளவில் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. பள்ளிப் படிப்பைப் பொறுத்தவரை சான்று வலுவாகவே இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் நடந்த மூன்று நீண்ட கால ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2014இல் வெளியிட்டார்கள். 17 வயதுக்கு முன்பே நாள்தோறும் கஞ்சா பயன்படுத்தியவர்கள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட 60 விழுக்காட்டுக்கு மேல் குறைவு என்று அவை காட்டின.

"வைத்துக்கொண்டால்தான் மனம் நிற்கிறது" என்று பையன் சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதைப் பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது. நிகோடினுக்குப் பழகிய மூளை, சில மணி நேரம் அது கிடைக்காவிட்டால் எரிச்சலும் கவனச் சிதறலும் கொள்கிறது. மீண்டும் கிடைத்ததும் அந்தத் தவிப்பு அடங்குகிறது. அதைத்தான் பிள்ளை, "கவனம் வருகிறது" என்று எண்ணிக்கொள்கிறான். கவனத்தைக் கெடுத்ததும் அதுவே. கெடுத்ததைச் சிறிது நேரம் திருப்பித் தருவதும் அதுவே. திட்டமிடுதல், தன்னை அடக்குதல் ஆகியவற்றுக்கு உரிய முன்மூளை, ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த வளர்ச்சிக் காலத்தில்தான் பழக்கம் மிக எளிதாக வேரூன்றுகிறது. முதியவர் சொன்ன பொய் மழை எனக்கு நினைவுக்கு வந்தது.

இது ஒரு பையனின் கதை மட்டுமன்று. 2019இல் இந்தியாவெங்கும் 13 முதல் 15 வயதுப் பள்ளி மாணவரிடம் நடத்திய கணக்கெடுப்பில் நூற்றுக்கு எட்டரைப் பேர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவது தெரிந்தது. அதே ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட போதைப்பொருள் ஆய்வறிக்கை இன்னொன்றையும் சொன்னது. முகர்ந்து மயங்கும் பசைகள், கரைப்பான்கள் ஆகியவற்றில் மட்டும் பெரியவர்களைவிடச் சிறுவர்களே முந்தி நிற்கிறார்கள்: பெரியவர்களில் 0.58 விழுக்காடு, சிறுவர்களில் 1.7 விழுக்காடு.

சட்டமும் கடைத்தெருவும்

சட்டம் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பதையும், கல்வி நிலையத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் விற்பதையும் தடுக்கிறது. 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், குழந்தைக்குப் போதைப் பொருளோ புகையிலைப் பொருளோ கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழக அரசு 2013இல் தடை விதித்து, ஆண்டுதோறும் நீட்டித்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. சில மாதங்களில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. 2024இல் மதுரைக் கிளை, 'கூல் லிப்' என்ற உதட்டுப் புகையிலைக்குப் பள்ளிப் பிள்ளைகள் அடிமையாகி வருவதை எடுத்துக் கூறி, இதை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக்கூடாது என்று கேட்டது.

இவ்வளவு சட்டத்தையும் தாண்டித்தான் அந்தப் பொட்டலம் என் மருமகனின் பைக்குள் வந்தது.

மார்க்கம் காட்டும் வழி

இஸ்லாம் பாதுகாக்க வந்த ஐந்தில் அறிவும் ஒன்று என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்ற மேதைகள் வகுத்தார்கள். போதை விலக்கப்பட்டதன் உயிர்நாடி இதுதான். அந்த விலக்கு ஒரே நாளில் வரவில்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம், மதுவில் நன்மையைவிடத் தீமையே பெரிது என்று சிந்திக்க வைத்தது. அந்நிஸா அத்தியாயத்தின் 43ஆம் வசனம், போதையோடு தொழுகையை நெருங்குவதைத் தடுத்தது. ஐவேளைத் தொழுகையே குடிக்கும் நேரத்தைச் சுருக்கியது. இறுதியாக அல்மாயிதாவின் 90ஆம் வசனம் அடியோடு விலக்கியது. பழக்கத்தில் ஊறிய சமுதாயத்தை அல்லாஹ் படிப்படியாகக் கைபிடித்து மேலேற்றினான். பதினைந்து வயதுப் பிள்ளையை நாம் மட்டும் ஒரே அடியில் திருத்திவிட நினைக்கிறோம்.

புகையிலையைக் குறித்து முற்காலத்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. அதன் கேட்டை மருத்துவம் உறுதி செய்த பின், இன்று பலர் அதை விலக்கப்பட்டதென்றே கூறுகின்றனர். ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? கடைக்குப் போய் சிகரெட் வாங்கி வரச் சொல்லி மகனையே அனுப்பும் வாப்பாமார் இல்லையா? ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் எதிரிலேயே பீடி பற்றவைக்கும் பெரியவர்கள் இல்லையா? ஒவ்வொருவரும் தத்தம் பொறுப்பிலுள்ளோருக்கு மேய்ப்பாளர் என்பதை நபி (ஸல்) அவர்கள் நமக்கு உணர்த்தியிருக்கிறார்கள். மேய்ப்பவனே வேலி தாண்டினால் ஆட்டை மட்டும் எப்படி அடிப்பது?

மைதானத்தின் ஓரத்தில்

மஃரிபுக்கு முன் கோவில்பட்டி திரும்பினோம். இந்த ஊருக்கு ஹாக்கி ஒரு பித்து. அரசு விளையாட்டு விடுதியும் செயற்கைப் புல்தரை மைதானமும் இங்கே உள்ளன. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில், கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும், கோவில்பட்டி விடுதியில் பயின்ற அரியலூர் கார்த்தி செல்வமும் இந்திய அணிக்காக ஆடினார்கள். அணி வெண்கலம் வென்றது.

மட்டையோடு ஓடும் சிறுவர்களைப் பார்த்தபோது ஐஸ்லாந்து நாட்டின் அனுபவம் நினைவில் எழுந்தது. அங்கே 1998இல் 15, 16 வயது மாணவரில் 42 விழுக்காட்டினர், முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்து மயங்கியதாகக் கூறினர். 2016இல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. நாள்தோறும் புகைத்தவர்கள் 23இலிருந்து 3 ஆனார்கள். வெறும் அறிவுரையால் அது நடக்கவில்லை. மாலை நேரங்களில் பிள்ளைகளுக்கு விளையாட்டும் கலையும் கற்பித்தார்கள். இரவில் அவர்கள் தனியே வெளியே திரிவதைக் கட்டுப்படுத்தினார்கள். பெற்றோர் பிள்ளைகளோடு செலவிடும் நேரத்தைக் கூட்டினார்கள். ஆண்டுதோறும் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். அது சிறிய நாடு, வளமான நாடு. ஆனால் மாலை நேரத்தை நிரப்புவதற்கு வளம் மட்டுமா வேண்டும்? கோவில்பட்டியில் மைதானம் இருக்கிறது. பள்ளிவாசலில் கூடம் இருக்கிறது. ஜமாஅத்தில் கணக்குப் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள்.

மறு விதைப்பு

அன்றிரவு மச்சானிடம் தொலைபேசியில் நானே பேசினேன். முதலில் கொதித்தார். பிறகு நெடுநேரம் அமைதியாக இருந்தார். கடைசியில், "அவனைக் கொடுங்கள்" என்றார். வாப்பாவும் மகனும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு எளியது. எட்டாம் வகுப்புக் கணக்கிலிருந்து மீண்டும் தொடங்க, உறவில் ஒரு கல்லூரி மாணவர் தினமும் இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் வருவது. மாலையில் மைதானம். அரசு மருத்துவமனை மருத்துவரிடம் ஆலோசனை. புகையிலையை விடுவதற்கு உதவும் 1800-11-2356, போதை மீட்புக்கான 14446, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய கட்டணமில்லாத் தொலைபேசி எண்களைத் தங்கை சுவர்க் காலண்டரில் எழ்தி வைத்தாள். முதல் சில நாட்களே மிகக் கடுமையாக இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் தவிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும் என்று பையனிடமே சொன்னோம். எதிரியின் பலம் எவ்வளவு நாள் என்று தெரிந்தால் போராட முடியும் அல்லவா?

பதினெட்டாம் நாள் தவறிவிட்டான். அவனே உம்மாவிடம் வந்து சொன்னான். தங்கை இம்முறை அடிக்கவில்லை. மறுநாளிலிருந்து மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். அரையாண்டுத் தேர்வில் அறிவியலில் தேறினான். கணக்கில் இரண்டு மதிப்பெண் குறைந்தது. மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடலாம் என்ற பேச்சு பள்ளியில் எழுந்தபோது, மச்சான் விடுப்பில் வந்து தலைமை ஆசிரியரைச் சந்தித்து அவகாசம் கேட்டுப் பெற்றார். பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட பிள்ளைக்குக் கடைசி பெஞ்சும் இல்லை. தெரு ஒன்றுதான் மிஞ்சும்.

இதை எழுதும்போதும் அவன் முழுதும் மீண்டுவிட்டான் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் திடீரென்று சரிந்தால், பையைச் சோதிப்பதற்கு முன்னால் அவன் பக்கத்தில் போய் அமருங்கள். எந்தப் பாடம் எந்த நாளில் புரியாமல் போயிற்று என்று கேளுங்கள். ஒருவேளை, பொட்டலம் வருவதற்கு முன்பே நீங்கள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

கரிசல் நாட்டில் முளை கருகிய காட்டை மறுபடி உழுது விதைப்பவனை யாரும் இழித்துப் பேசுவதில்லை. பருவம் இருக்கும் வரை விதைக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகளின் பருவம் கடந்து போவதற்குள் மறு விதைப்புச் செய்யும் பொறுமையை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.